ருக்மணி தேவி: பாடும் நடிகையின் எழுச்சியும் இறக்கமும்

சிங்களத் திரையின் முதற் கதாநாயகி ஒரு தமிழ்ப்பெண் என்ற பெருமிதத்தோடு, ருக்மணி தேவி பற்றிய நம் எழுத்துகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பெருமிதத்தில் பிழையில்லை. ஆயினும் அவர் எந்தத் தொழிலில் வளர்ந்தார், அத்தொழில் ஏன் சுருங்கியது என்ற வினாக்களை அது எழவிடுவதில்லை.

1923 ஜனவரி 15இல் றம்பொடையில், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் பிறந்தார்; ருக்மணி தேவி என்பது அவரது பிற்காலப் பெயர். கொழும்பில் வளர்ந்தார், வெள்ளவத்தை புனித கிளேயர் பாடசாலையில் கற்றார். சிறுவயதிலேயே நாடகம் அவரை இழுத்துக்கொண்டது. 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய 'சிரி புத்தகயா விகாரே' இசைத்தட்டாக வந்தது. கிறிஸ்தவத் தமிழ்ப்பெண்ணின் குரலில் பௌத்த பக்திப்பாடல்! இசைத்தட்டு வணிகமும் நாடக மேடையும் கேட்டவை குரல்வளமும் உச்சரிப்புத் தெளிவும் மட்டுமே. திரைக்கு வருமுன்பே அவர் குரல் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

1947 ஜனவரியில் வெளியான, ருக்மணி கதாநாயகியாக நடித்த முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' இதே உலகின் நீட்சி. கதை, நடிகர்கள் இரண்டும் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிலிருந்து வந்தன, தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படப்பிடிப்பு மதுரை சித்திரகலா மூவிடோனில். ருக்மணியின் கணவர் எடி ஜயமான்னவும் அதில் நடித்தார்.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படக்கருவியைக் கிராமத்துக்கு எடுத்துச் சென்றது. தென்னிந்திய ஸ்டூடியோப் பாணி 'நமதல்ல' என்ற விமர்சனம் வலுத்தது. தனிச்சிங்களச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததால், ருக்மணியின் பின்னடைவை இனப்புறக்கணிப்பாகப் படிக்கும் ஆசை எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழரான ஆர். முத்துசாமி அதன்பின்னரும் சிங்களத் திரையின் முன்னணி இசையமைப்பாளராக இருந்தார். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக்கின் பௌத்த பக்திப்பாடல்கள் இன்றும் வெசாக் நாட்களில் ஒலிக்கின்றன. தேய்ந்தது ஒரு நடிப்பு மரபு. உரத்த வசனம், நீண்ட துயரப் பாடல், மேடைக்கு ஏற்ற கையசைவு ஆகியவற்றில் பயின்றவர்களைப் புதிய படங்கள் தேடவில்லை. தமிழகத்திலும் பின்னணிப் பாடல் வேரூன்றியபோது, தாமே பாடி நடித்த தியாகராஜ பாகவதரின் தலைமுறை ஒதுங்கியது. பானுமதி தப்பியது விதிவிலக்கு.

ருக்மணி நடிப்பை விட்டுவிடவில்லை. வாய்ப்புகள் அருகியபோது அவரைத் தாங்கியது பழைய மூலதனமான குரல்தான். 1978 அக்டோபர் 28இல், மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்புகையில், ஜாஎல அருகே வாகன விபத்தில் இறந்தார். அப்போது வயது 55.

அவர் தமிழில் நடிக்காதது ஏன் என்ற மனக்குறையும் நம்மிடையே உண்டு. இலங்கையின் முதல் தமிழ்ப்படமான 'சமுதாயம்' 1962இல், அதுவும் 16 மி.மீ. சுருளில், வெளிவந்தபோது அவருக்கு 39 வயது. அவர் கதாநாயகியாக ஒளிர்ந்த காலத்தில், கொழும்பில் தமிழ் நடிகை ஒருவருக்குத் தாய்மொழித் திரைத்தொழில் என்று ஒன்று இருக்கவே இல்லை.