ஆறு தட்டு அலமாரி – கூட்டு வகுப்பின் கதை



சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தாயார் என்னிடம் கவலையுடன் வினவினார். "டீச்சர், எங்கள் தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டையும் மூன்றாம் ஆண்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் படிப்பு கெட்டுவிடாதா? வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?" இக்கேள்வி எனக்குப் புதிதன்று. நம் நாட்டில் மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறோம். அவற்றுள் முப்பதுக்கும் குறைவானோர் பயிலும் பள்ளிகளில் ஈராண்டு மாணவர்களை ஒன்றுசேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்துவது வழக்கம். அங்கெல்லாம் பெற்றோர் மனத்தில் இதே அச்சம் குடியிருக்கிறது. அந்த அச்சத்தால் இரு பிள்ளைகள் வெளியேறினால், பள்ளியின் உயிரே ஊசலாடத் தொடங்கிவிடுகிறது.

அத்தாயாருக்கு நான் அன்று சுருக்கமாகத்தான் விடையளித்தேன். விரிவான விடை ஒரு வரலாறு. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மேசையின் குற்றம்

2004-ஆம் ஆண்டு பயிற்சி முடித்து முதன்முதலாக ஒரு தோட்டப் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். பள்ளி முழுமைக்கும் இருபத்து மூன்று மாணவர்கள். எனக்குக் கிடைத்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் கூட்டு வகுப்பு. ஒரு வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதத்தான் நான் கற்றிருந்தேன். ஒரே நேரத்தில் இரு வகுப்புகளை நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆகவே, இரு வகுப்புகளுக்குமான பயிற்சித் தாள்கள், மணிலா அட்டைகள், படங்கள், கோப்புகள் அனைத்தையும் என் மேசையின்மேல் குவித்துக்கொண்டேன். எல்லாம் என் கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதும் என்று எண்ணினேன்.

நடந்தது வேறு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெருக்கலை விளக்கிக்கொண்டிருப்பேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எழுந்து வந்து, "டீச்சர், முடிச்சிட்டேன். அடுத்து என்ன?" என்று நிற்கும். நான் விளக்கத்தை நிறுத்திவிட்டுத் தாளைத் தேடுவேன். அதற்குள் இங்கே பெருக்கல் மறந்துபோகும். ஒரு நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். முப்பது நிமிடப் பாடத்தில் பதினொரு நிமிடம் தேடுவதிலேயே கழிந்திருந்தது.

ஒரு சிறுமி மட்டும் என்னிடம் வந்து நிற்கமாட்டாள். வேலையை முடித்துவிட்டு, மேசையின் ஓரத்தில் பென்சிலால் கோடுகள் கிழித்துக்கொண்டு அமைதியாக இருப்பாள். ஆண்டின் நடுவில் அவளுடைய தந்தையார் அவளைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார். "இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்தால் பிள்ளை என்ன படிக்கும்?" என்று தலைமையாசிரியரிடம் கூறிவிட்டுச் சென்றாராம். பழி கூட்டு வகுப்பின்மீது விழுந்தது. குற்றமோ என் மேசையின்மேல் இருந்தது. இதை நான் உணர்வதற்கு இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

பிஸ்கட் டின்கள்

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் பண்டக அறையைத் துப்புரவு செய்தபோது, கறையான் அரித்த ஒரு மர அலமாரியைக் கண்டோம். அதில் ஆறு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் பழைய பிஸ்கட் டின்கள். டின்களுக்குள் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி, அளவாக வெட்டப்பட்ட அட்டைகள். முன்புறத்து நாள்களைப் பார்த்தால் எல்லாம் 1970-களைச் சேர்ந்தவை. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் வகுப்பெண், பாடத்தின் முதலெழுத்து, வரிசையெண் ஆகியவை சிவப்பு மையில் இருந்தன. அட்டையின் பின்புறத்தில் விடைகள்.

அவற்றைத் தயாரித்தவர் பணி ஓய்வு பெற்று, பக்கத்துச் சிற்றூரில் வசித்து வந்தார். நான் சென்று வணங்கி விவரம் கேட்டேன். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். சிரித்துக்கொண்டே கூறினார்: "அம்மா, நமக்கு இருப்பது ஒரே வாய். அதை ஒரு வகுப்புக்குத்தான் கொடுக்க முடியும். மற்ற இரண்டு வகுப்புக்கும் அந்த அலமாரிதான் வாத்தியார். பிள்ளை தானே போய் எடுக்கணும், தானே செய்யணும், தானே திருத்தணும், எடுத்த இடத்திலேயே வைக்கணும். நாம் தேடி எடுத்துக் கொடுக்கிற பொருள் பாடப் பொருளே அல்ல."

அவருடைய வழிமுறை அவரே கண்டுபிடித்ததாக இருக்கலாம். ஆயினும் அதற்குப் பின்னால் நீண்ட மரபு ஒன்று உண்டு.

திண்ணையிலிருந்து எழும்பூருக்கு

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'முதலாம் வகுப்பு', 'இரண்டாம் வகுப்பு' என்ற பிரிவு இல்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். புதிதாக வந்தவன் மணலில் விரலால் எழுதுவான். அடுத்த நிலையில் உள்ளவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். அரிச்சுவடி, எண் சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு எனச் சுவடி மாறுவதே வகுப்பு மாறுவதாகும். பிள்ளையின் கையில் இருக்கும் பொருளே அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதைக் காட்டிவிடும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 1826-இல் வெளிப்பட்டபோது, இத்தகைய உள்நாட்டுக் கல்விக்கூடங்கள் 12,498 இருந்ததாகத் தெரியவந்தது. அதே வேளையில், பெண் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணைக்கு வெளியேதான் நின்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் குதிரையில் செல்லும்போது, ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறார்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாது எனப்பட்டது, அச்சிறுவனால் ஆயிற்று. இங்கிலாந்து திரும்பிய பெல், 1797-இல் இதனை நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நம் திண்ணையின் மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிப்போன கதை இது.

1798-இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இதே வழியில் பொருள்களையும் ஒழுங்கு செய்தார். பிள்ளைக்கொரு புத்தகம் வாங்கப் பணமில்லை. ஆகவே, பாடங்களைப் பெரிய எழுத்தில் தாள்களில் அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டார். ஒவ்வொரு தாளின் முன்னும் ஒரு குழு அரைவட்டமாக நின்று படிக்கும். ஒரு குழு நகர்ந்ததும் மற்றொரு குழு அவ்விடத்திற்கு வரும். ஒரே தாள் நூற்றுக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. செலவைக் குறைப்பதே அதன் பெரு நோக்கம். மனப்பாடமே அதன் பெருங்குறை. எனினும், பொருள் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும், பிள்ளைதான் அதைத் தேடி வர வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

மலாயாத் தோட்டங்களில்

நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தைப் பினாங்கில் 1816-இல் நிறுவப்பட்ட இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுகிறோம். ஆனால், தோட்டப் பள்ளிகள் பெருகியது பிற்காலத்தில்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம், பள்ளி அமைத்துத் தர வேண்டும் என விதித்தது. பல தோட்டங்களில் அது ஓர் அறையாக, கோயில் கொட்டகையாக, லயத்தின் ஒரு மூலையாக அமைந்தது. கங்காணியோ கிராணியோ வாத்தியாராக நின்ற இடங்களும் உண்டு. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே அன்றைய இயல்பு. தமிழகத்திலிருந்து வந்த பாட நூல்களே பெரிதும் பயன்பட்டன.

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின்னர்ப் பொதுப் பாடத்திட்டம் உருவாயிற்று. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதாலும் குறைந்துகொண்டே வந்து, 2000-களில் 523 ஆயின. 1975-இல் பாட நூல் கடனுதவித் திட்டம் வந்தது. 1983-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், குழுமுறைக் கற்பித்தல், குறைநீக்கல், வளப்படுத்தல், வாசிப்பு மூலை என்பவற்றை வகுப்பறைக்குள் கொணர்ந்தது. பல ஆசிரியர்கள் அவற்றைப் புதுமை என்று வியந்தனர். பிஸ்கட் டின் அலமாரி வைத்திருந்த அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரோ, "இதைத்தானே அம்மா செய்துகொண்டிருந்தோம்" என்றார்.

அட்டைகள் மீண்டும் சென்னைக்கு

ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கல்வி மையம் 1980-களில் தொடங்கி, சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தது. ஏணிபோல் வரைந்த படத்தில் தன் படி எது என்று பார்த்து, பிள்ளை தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். இதைத் தழுவி 2003-இல், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அட்டைகளில் பறவை, விலங்குச் சின்னங்கள். அவற்றை வைக்கத் தட்டுகள். எழும்பூரிலிருந்து புறப்பட்டது இருநூறு ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் தரையில் வந்து அமர்ந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் செய்த மாற்றம்

மறு ஆண்டு என் மேசையைக் காலி செய்தேன். அந்த அலமாரியைப் பழுது பார்த்து, வகுப்பின் பின்சுவரில் வைத்தோம். நான் கடைப்பிடித்தவை இவையே:

1. வகுப்புக்கு ஒரு நிறம். இரண்டாம் ஆண்டுக்கு நீலம், மூன்றாம் ஆண்டுக்குப் பச்சை. கோப்பு, அட்டை, டின் அனைத்திலும் அதே நிறம்.

2. பாடத்திற்கு ஒரு தட்டு. தட்டுகள் பிள்ளையின் தோளுயரத்திற்கு மேல் போகலாகாது.

3. ஒவ்வோர் அட்டைக்கும் எண், பின்புறத்தில் விடை. முடித்த எண்ணைப் பிள்ளையே சுவரில் உள்ள பட்டியலில் குறிக்க வேண்டும்.

4. இரு வகுப்புக்கும் பொதுவான தலைப்புகளை ஒன்றாகத் தொடங்கி, பின்னர்ப் பிரிய வேண்டும். 'காலம்' என்றால் இளையோர் மணி பார்ப்பர். மூத்தோர் கால அளவைக் கணக்கிடுவர்.

5. வாரத்திற்கு ஒரு முறை அலமாரியைச் சரிபார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. அது அன்றைய சட்டாம்பிள்ளையின் பணி. பிரம்பு மட்டும் இல்லை.

முதல் மூன்று வாரங்கள் குழப்பந்தான். அட்டைகள் இடம் மாறின. விடையை முதலில் பார்த்து எழுதியவர்களும் உண்டு. நான்காம் வாரத்தில் மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் இரண்டாகக் குறைந்திருந்தது. மீதி ஒன்பது நிமிடமும் நான் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அது வாசிப்பதைக் கேட்டேன். அதுவரை அவ்வாறு ஒரு பிள்ளைக்கென்று அமர எனக்கு நேரம் வாய்த்ததில்லை.

பெற்றோர்களுக்கு

ஆகவே, அத்தாயாருக்கும் அவரைப் போன்றோருக்கும் கூறுவது இதுவே. கூட்டு வகுப்பு என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளையை மாற்றிவிடாதீர்கள். பள்ளிக்குச் சென்று வகுப்பறையைப் பாருங்கள். "என் பிள்ளை கொடுத்த வேலையை முடித்துவிட்டால் அடுத்து எங்கே போகும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் ஓர் அலமாரியையோ, ஒரு மூலையையோ, ஒரு பெட்டியையோ சுட்டிக்காட்டினால் கவலை வேண்டாம். தம் மேசையைச் சுட்டிக்காட்டினால், குறை கூற வேண்டாம். நாட்காட்டித் தாள்களையும் பிஸ்கட் டின்களையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு சனிக்கிழமை உடனிருந்து உதவுங்கள்.

2004-இல் யாரேனும் என்னிடம் அவ்வாறு வந்திருந்தால், மேசையோரத்தில் கோடு கிழித்த அச்சிறுமி எங்கள் பள்ளியிலேயே ஆறாம் ஆண்டை முடித்திருப்பாள்.

கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் பள்ளியின் பண்டக அறையை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு முன் அங்கே உழைத்தவர் எதையேனும் விட்டுச் சென்றிருக்கக்கூடும்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!