தூண்டுரைவழி வலைத்தள மேம்பாடு

தூண்டுரைவழி வலைத்தள மேம்பாடு என்பது, ஒரு வலைத்தளத்தின் குறைகளைக் கண்டறியவும், அவற்றுக்கு மாற்று வடிவங்களை உருவாக்கவும், அம்மாற்றங்களைச் சோதிக்கவும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கு எழுத்து வடிவில் பணிப்புகள் வழங்கும் முறையாகும். இப்பணிப்பு தூண்டுரை எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் இது பிராம்ட் என வழங்குகின்றது. இம்முறையில் மாற்றங்களை உருவாக்கும் செலவு பெருமளவு குறைகின்றது. ஆனால் ஒரு மாற்றம் பயனருக்கு உண்மையில் உதவுகின்றதா என அறியும் செலவு அதே அளவில் குறைவதில்லை. வருகையாளர் குறைவாக உள்ள சிறு தளங்களில் இவ்வேறுபாடு மிகுந்த முக்கியத்துவம் பெறுகின்றது.

வரலாறு

இரண்டு வடிவங்களை இரு குழுக்களுக்கு அளித்து ஒப்பிடும் வழக்கம் இணையத்திற்கு முற்பட்டது. குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் சோதனைக்கான புள்ளியியல் அடிப்படையை ரொனால்டு ஃபிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். வலைத்தளங்களில் இது ஏ/பி சோதனை எனப்படுகின்றது. கூகுள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில், ஒரு பக்கத்தில் எத்தனை தேடல் முடிவுகளைக் காட்டலாம் என அறிய இத்தகைய சோதனையை நடத்தியது.

2012 இல் மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பு காட்டப்படும் விதம் சற்று மாற்றப்பட்டது. பல மாதங்கள் கிடப்பில் இருந்த இவ்வெண்ணம், சோதிக்கப்பட்டபோது வருவாயை 12 விழுக்காடு உயர்த்தியது. எனினும் இத்தகைய வெற்றிகள் அரியவை. கூகுள், பிங் ஆகியவற்றின் சோதனைகளுள் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே நற்பயன் தருகின்றன என ரான் கோஹவி, ஸ்டெஃபான் தாம்கே ஆகியோர் 2017 இல் எழுதிய கட்டுரை குறிப்பிடுகின்றது. துறை வல்லுநரின் எண்ணங்களே பெரும்பாலும் பயன் தராதபோது, மொழி மாதிரி தரும் எண்ணங்களையும் சோதிக்காமல் ஏற்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 இல் வெளியானது. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 அறிமுகமானபோது, கையால் வரைந்த ஒரு படத்திலிருந்து இயங்கும் வலைப்பக்கம் ஒன்றை அது உருவாக்குவது செய்து காட்டப்பட்டது. இதன் பின்னர் நிரல் எழுதத் தெரியாதவர்களும் பக்க வடிவங்களை உருவாக்கும் நிலை ஏற்பட்டது.

செயன்முறை

இம்முறை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. சிக்கலை வரையறுத்தல்: எந்தப் பணியில், எந்த இடத்தில் பயனர் தடைப்படுகின்றார் எனக் குறித்தல்.
2. கருதுகோள் அமைத்தல்: எந்த மாற்றம், ஏன் உதவும் என ஒரே வரியில் எழுதுதல்.
3. மாற்று வடிவங்களைப் பெறுதல்: ஒரே சிக்கலுக்கு இரண்டு அல்லது மூன்று தீர்வுகளைக் கேட்டல்.
4. நிரலைச் சரிபார்த்தல்: பெற்ற நிரலை நேரடித் தளத்தில் இடாமல், தனி நகலில் இயக்கிப் பார்த்தல்.
5. மாந்தரைக் கொண்டு சோதித்தல்.
6. முடிவைப் பதிதல்: மாற்றம் பயன் தராவிடின் பழைய வடிவத்திற்குத் திரும்புதல்.

தூண்டுரையின் தெளிவு விளைவைத் தீர்மானிக்கின்றது. "இப்பக்கத்தை அழகாக்கு" என்ற பணிப்புக்கு நிறமும் எழுத்துருவும் மாறிய பக்கமே பெரும்பாலும் கிடைக்கும். "குடிநீர்க் கட்டணம் செலுத்தும் படிவம் இது. பயனர்கள் சிறு திரைக் கைபேசியில் மெதுவான இணைப்புடன் வருகின்றனர். இணைப்பு எண்ணை எங்கே காண்பது எனத் தெரியாமல் பலர் நின்றுவிடுகின்றனர். இக்குறையை மட்டும் தீர்க்கும் இரண்டு வடிவங்களைத் தருக, பிற பகுதிகளை மாற்றாதே" என்ற பணிப்பு, சோதிக்கத்தக்க விடையைத் தரும். ஒரே நேரத்தில் பல பகுதிகள் மாறினால், விளைவுக்கு எது காரணம் என அறிய இயலாது.

சிறு தளங்களும் எண்ணிக்கைச் சிக்கலும்

ஏ/பி சோதனைக்குத் தேவையான வருகையாளர் எண்ணிக்கையைக் கணிக்க ஓர் எளிய வாய்பாடு உண்டு. பணியை முடிப்போரின் விகிதத்தை, முடிக்காதோரின் விகிதத்தால் பெருக்கி, அதனை 16 ஆல் பெருக்கி, கண்டறிய விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு குழுவிற்குத் தேவையான எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் அமைந்துள்ள கீரனூர் போன்ற ஒரு பேரூருக்கான சேவைப் பக்கத்திற்கு நாளொன்றுக்கு 20 பேர் வருவதாகவும், அவர்களுள் 40 விழுக்காட்டினர் படிவத்தை முடிப்பதாகவும் கொள்வோம். இவ்விகிதம் 45 விழுக்காடாக உயர்கின்றதா என அறிய, குழுவிற்கு 1,536 பேர் வீதம் 3,072 பேர் தேவை. இதற்கு 5 மாதங்களுக்கு மேல் ஆகும். 42 விழுக்காடாக உயர்கின்றதா என அறிய 19,200 பேர் தேவை. இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மொழி மாதிரி ஒரு மணி நேரத்தில் பத்து வடிவங்களைத் தரலாம். அவற்றை இவ்வகையில் ஒப்பிட ஊரின் மக்கள்தொகை இடம் தராது.

ஆகவே இத்தகைய தளங்களுக்கு நேரில் கண்டறியும் சோதனையே ஏற்றது. பயனர் ஒருவரிடம் ஒரு பணியைக் கொடுத்து, உதவி செய்யாமல், அவர் எங்கே தயங்குகின்றார் என அருகில் இருந்து குறித்துக்கொள்வதே இம்முறை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் பெரும்பாலான பயன்பாட்டுக் குறைகள் வெளிப்படும் என யாக்கோபு நீல்சன் 2000 இல் எழுதினார். அந்த ஐவருள் முதியவர் ஒருவரும், கைபேசியில் மட்டும் இணையம் பயன்படுத்துபவர் ஒருவரும் இருத்தல் நன்று.

தமிழ்த் தளங்களுக்கான சோதனைகள்

மொழி மாதிரி எழுதும் நிரல், ஆங்கில எழுத்துகளை மனத்திற்கொண்ட வழக்கங்களைப் பின்பற்றக்கூடும். எனவே தமிழ்ப் பெயர்களைக் கொண்டு சோதிக்குமாறு தூண்டுரையிலேயே குறிப்பிடுதல் வேண்டும். கீரனூர் என்ற ஊர்ப்பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

நீளம்: கீரனூர் என்பது தமிழ் இலக்கணப்படி 4 எழுத்துகள். ஒருங்குறியில் அது 7 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டுகள். ஒரு படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால், இறுதி எழுத்தின் புள்ளி சிதைந்துவிடும்.

தேடல்: புதுக்கோட்டை என்பதில் உள்ள 'கோ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியெண்ணாகவும், மற்றொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாகவும் அமையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் இவற்றை இயல்பாக்கம் செய்யாவிடின், சரியாகத் தட்டச்சிட்டவருக்கும் "முடிவுகள் இல்லை" என்ற விடை கிடைக்கும்.

பெயர் மயக்கம்: திண்டுக்கல் மாவட்டத்திலும் கீரனூர் என்ற பேரூர் உள்ளது. மாவட்டத்தைக் குறிப்பிடாமல் கேட்டால் மொழி மாதிரி ஒன்றன் தகவலை மற்றொன்றுக்கு எழுதக்கூடும். அஞ்சல் குறியீடு, அலுவலக முகவரி போன்றவற்றை மாதிரியிடமிருந்து பெறாமல் ஆவணத்திலிருந்தே எடுத்தல் வேண்டும்.

பொத்தானின் அகலம்: தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களை விட நீண்டு அமைவது வழக்கமாதலால், ஆங்கில வடிவத்தில் பொருந்திய பொத்தான் தமிழில் இரு வரிகளாக மடியக்கூடும்.

வரையறைகளும் எச்சரிக்கைகளும்

பயனரைப் போல நடித்து ஒரு பக்கத்தை மதிப்பிடுமாறு மொழி மாதிரியைக் கேட்கலாம். வெளிப்படையான பிழைகளைக் களைய இது உதவும். ஆனால் அது மாந்தச் சோதனைக்கு மாற்றாகாது. மாதிரிக்குக் கண் மங்குவதில்லை, வெயிலில் திரை தெரியாமற் போவதில்லை, கடவுச்சொல் மறப்பதுமில்லை.

அணுக்கத்தன்மையை மாதிரியின் சொல்லைக் கொண்டு ஏற்காமல் அளந்து அறிதல் வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, இடைநிலைத் தகுதிக்கு, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாட்டைக் கோருகின்றது. இதனைக் கணிக்கும் இலவசக் கருவிகள் உள்ளன. இந்திய அரசுத் தளங்களுக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளும் உள்ளன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023 இல் வெளியானது.

குறைகளை விளக்கும் பொருட்டுப் பயனர் நிரப்பிய உண்மைப் படிவங்களைத் தூண்டுரையில் ஒட்டுதல் தவறு. பெயர், கைபேசி எண், ஆதார் எண் முதலியவற்றை நீக்கி, கற்பனைத் தரவுகளை இடுதல் வேண்டும். தனிநபர் தரவுகளைக் கையாள்வது குறித்து இந்தியாவில் 2023 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

வணிகத் தளம் ஒன்றில் தடைப்படும் பயனர் வேறு கடையை நாடலாம். வரி, சான்றிதழ், ஓய்வூதியம் போன்ற சேவைகளை அவர் வேறிடத்தில் பெற இயலாது. ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகத்திற்குச் செல்வதே அவருக்கு எஞ்சும் வழி. எனவே பொதுச் சேவைத் தளங்களில், சோதிக்கப்படாத புதிய வடிவத்தை விட, குறைகள் அறியப்பட்ட பழைய வடிவம் சில வேளைகளில் பாதுகாப்பானது எனலாம்.

இவற்றையும் பார்க்க

ஏ/பி சோதனை
ஒருங்குறி
பயன்பாட்டுத்தன்மை
வலை அணுக்கத்தன்மை
மொழி மாதிரி
கீரனூர்