மருந்து எனப்பெயர் பூண்ட நஞ்சு

மலாயாத் தோட்டத் தமிழர் களைக்கொல்லியை ‘மருந்து’ என்றே வழங்கினர். மலாய்க்காரரோ ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு, என்றனர். எச்சொல் பொருந்தும் என்பதைப் பாராகுவாட்டின் வரலாறு காட்டும்.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதனை 1962இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. களையை விரைவிற் கருக்கியமையின் இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இது பரவிற்று. சிறிதளவு விழுங்கினும் நுரையீரல் கெட்டு உயிர் நீங்கக்கூடும். முறிமருந்து இன்றுவரை இல்லை. விழுங்கி மாண்டோர் செய்தி பெருகவே, நிறுவனத்தார் 1970களின் பிற்பகுதியில் வாந்தி உண்டாக்கும் பொருளைச் சேர்த்தனர். நாற்றமும் நீலநிறமும் ஊட்டினர்.

மருந்தடிக்கும் பெண்களின் இடரோ வேறு. முதுகிற் சுமந்த கலன் கசிந்தால் நஞ்சு புண்வழி உடலுட் புகும். அதற்குக் கலவையில் மாற்றம் ஏதுமில்லை. கையுறையும் முகமூடியும் அணிக என்றது புட்டியில் ஒட்டிய தாள். நண்பகல் வெயிலில் அவற்றோடு நாள்முழுதும் நிரைபிடித்து நடக்க ஒண்ணாது என்பதைத் தோட்டத்துச் சிறுபிள்ளையும் அறியும். பயன்படுத்துவோர் நிலைக்கு ஒவ்வாத பொருளைத் திருத்தாது, பொறுப்பை மட்டும் அவர்மேற் சுமத்துதல் அறமாகுமோ?

1982இல் பினாங்கில் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பு தோன்றிற்று. ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பும் அதனுடன் சேர்ந்து, மூக்கிற் குருதி வடிந்த, நகம் கழன்ற பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்தது. 2002இல் அரசு தடை விதித்தது, 2006இல் தளர்த்திற்று. ஐ.சி.ஐ.க்குப் பின் இந்நஞ்சை விற்ற சின்ஜெண்டாவின் தாயகமான சுவிட்சர்லாந்தோ 1989இலேயே தன் மண்ணில் இதனை விலக்கியிருந்தது. மலேசியாவில் முற்றுந் தடையானது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான்.