மூன்றாம் இடத்தில் நிற்பவர்

சண்டை விளையாட்டுகளின் பாத்திரங்களை வலியவர், எளியவர் என வரிசைப்படுத்தும் வழக்கம் அவ்விளையாட்டுகளின் வயதையே உடையது. கேப்காம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த திருத்திய பதிப்பில் ஆடத்தக்க பாத்திரங்கள் பன்னிருவர். ஒருவருக்கு ஒருவர் என்ற நேர்ப்போர். இருவர் சம திறமையோடு பத்து ஆட்டம் ஆடினால் யார் எத்தனை வெல்வார் என்று மதிப்பிட்டு, ஆறுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று என்று கட்டமிட்டு எழுதுவது ஜப்பானிய ஆட்டக்காரர்களின் முறை. ‘கேமெஸ்ட்’ போன்ற ஆர்க்கேட் இதழ்கள் இத்தகைய அட்டவணைகளை அச்சிட்டன. பன்னிருவருக்குள் எழக்கூடிய இணைகள் 66. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஒவ்வொருவரின் எண்களையும் கூட்டினால் தரவரிசை தானே கிடைக்கும். அந்த முறையின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: வலிமை என்பது பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, எங்கே நிறுத்தினாலும் அது மாறாது.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது அணிப்போர். மல்யுத்த மேடையில் கயிற்றுக்கு வெளியே நிற்கும் தோழன், உள்ளே அடிபடுபவனின் கையைத் தட்டிவிட்டு மேடையேறுவதைப் பலரும் பார்த்திருப்பர். அதே ஏற்பாட்டைக் கேப்காம் 1996இல் ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வழியாகத் திரைக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆட்டக்காரர் இருவரைத் தேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் போரிட வைக்கலாம். 1997இல் வந்த அடுத்த விளையாட்டில் ஒரு சிறு சேர்க்கை நிகழ்ந்தது. வெளியே நிற்பவரை, இடம் மாற்றாமலே, ஒரு நொடி உள்ளே அழைக்கலாம். அவர் பாய்ந்து வந்து ஓர் அடி அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆங்கிலத்தில் இதை ‘அசிஸ்ட்’ என்றனர். நாம் துணைத்தாக்கு எனலாம். வரலாற்றை மாற்றியது இந்தச் சிறு சேர்க்கைதான் என்பது என் கருத்து.

அது முழு உருக்கொண்டது 2000இல், ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ என்னும் விளையாட்டில். பாத்திரங்கள் 56 பேர். அணிக்கு மூவர். ஒவ்வொருவருக்கும் மூவகைத் துணைத்தாக்குகள்; அவற்றுள் ஒன்றைப் போருக்கு முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். 56 பேரிலிருந்து மூவரைத் தேரும் வழிகள் 27,720. துணைத்தாக்கு வகைகளையும் சேர்த்தால் 7,48,440. இந்த அணிகள் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் பொருத்தி அட்டவணை எழுதப் புகுந்தால் ஏறத்தாழ 28,000 கோடிக் கட்டங்கள் வேண்டும். மூவருள் யார் முதலில் நிற்பது என்ற வரிசையை இக்கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. 66 கட்டங்களில் அடங்கிய பழைய கலை இங்கே வழியற்றுப்போனது.

ஆட்டக்காரர்கள் கண்டடைந்த மாற்று வழி எளிமையானது. ‘இவர் எவ்வளவு வலியவர்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இவர் எந்த இடத்தில் எவ்வளவு வலியவர்’ என்று கேட்கத் தொடங்கினர். முன்னின்று போரைத் தொடங்குபவர் ஒரு வகை. ஐந்து கட்டங்கள் கொண்ட ஆற்றல் அளவுகோலை நிரப்பித் தருபவர் இன்னொரு வகை. அவருக்குப் ‘பேட்டரி’ என்றே பெயர். வெளியே நின்று துணைத்தாக்கு மட்டும் தருபவர் மூன்றாம் வகை. பிற்காலத்தில் நான்காவதாக ஒன்றும் வந்து சேர்ந்தது: எல்லாரும் வீழ்ந்தபின் தனித்து நின்று காப்பவர். தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுபவரைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்ற சொல்லால் அவரை அழைத்தனர்.

இவ்வகைகளைத் தமிழில் சொல்லப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை என்பதை இவ்விடத்தில் குறிப்பிட ஆசை. படையின் முன்னணியைத் தார் என்றும் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் நம் பழைய போர் இலக்கியம் பிரித்துக்காட்டுகிறது. தும்பைத் திணையில் ‘எருமை மறம்’ என்றொரு துறையே உண்டு. தன் படை பின்வாங்கும்போது அதன் பின்னே தனியாக நின்று பகையைத் தடுப்பவனின் வீரம் அது. ஆங்கர் என்பவர் யார் என்று என்னைக் கேட்டால் அத்துறையைத்தான் சுட்டுவேன். ஒப்புமையை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை. அங்கே நிற்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். இங்கே போவது ஒரு காசு.

மூன்றாம் வகைக்கு வருவோம். சைலாக் என்ற பாத்திரத்தின் கதையே இவ்வரலாற்றின் நடு முடிச்சு. எக்ஸ்-மென் கதைகளில் வரும் இப்பெண் வீராங்கனை தனித்துப் போரிடும்போது முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர். ஆனால் அவருடைய துணைத்தாக்கு, தரையிலிருந்து சுழன்று மேலெழுந்து எதிரியை வானில் தூக்கி எறிவது. எறியப்பட்டவர் கீழே விழுமுன் முன்னே நிற்கும் மேக்னீட்டோ அவரைப் பற்றிக்கொண்டு தொடரடிகளைத் தொடங்கிவிடுவார். மேக்னீட்டோவின் பெருந்தாக்கு முடியும் வேளையில் அதை ஸ்டார்மின் பனிமழைத் தாக்குக்கு அப்படியே கைமாற்றலாம். மேக்னீட்டோ, ஸ்டார்ம், சைலாக் என்ற இம்மூவரணி, பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ‘எம்.எஸ்.பி.’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. அணி புகழ்பெற்றது, சைலாக்கும் நாள்தோறும் திரையில் தோன்றினார். ஆயினும் அவர் போரிட்டதைக் கண்டவர் குறைவு. ஒரு நொடி வந்து, ஓர் அடி அடித்து, மறைந்துவிடுவதே அவர் வாழ்வாயிற்று.

இவரைத் தரவரிசையில் எங்கே வைப்பது? பழைய முறைப்படி நடுவிலோ அதற்குக் கீழோ. புதிய முறைப்படி, துணைவர் பட்டியலின் உச்சியில். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு முரண்பட்ட இடங்கள், இரண்டும் சரி. கேப்டன் கமாண்டோவின் நிலையும் இதுவே. திரையின் அடிமுதல் முடிவரை எழும் மின்தூண் ஒன்றை எழுப்பிவிட்டு அவர் போய்விடுவார். தாவி வரும் எதிரிக்கு அத்தூண் ஒரு மதில். அதன் பின்னால் நின்று ஸ்டார்மும் சென்டினலும் போரை நடத்தினர். சைக்ளாப்ஸ் இவ்வரிசையில் மூன்றாமவர்.

துணைவரின் இந்த நிலையில் ஒரு பெரும் ஆபத்தும் இருந்தது. எதிரியைத் திரையை விட்டு வெளியே அடித்துத் துரத்தி, வெளியே நிற்கும் அவருடைய தோழரை வலிந்து உள்ளே இழுக்கும் உத்தி ஒன்று இவ்விளையாட்டில் உண்டு. ஆற்றல் அளவுகோலில் ஒரு கட்டம் அதன் விலை. திறமையான ஆட்டக்காரர் அவ்விலையைத் தயங்காமல் கொடுத்து, மேக்னீட்டோவை வெளியேற்றிச் சைலாக்கை முன்னே இழுத்து வருவார். தன் இடத்தில் ஒப்பற்றவர், பிறர் இடத்தில் நிறுத்தப்பட்டதும் தடுமாறுவார். அவர் வீழ்ந்துவிட்டால் வீழ்வது ஒருவர் மட்டுமல்ல. மேக்னீட்டோவின் தொடரடிகளுக்கான வாயிலும் அடைபட்டுவிடும். ஆகவே எதிரணியின் தலைவனை விட்டுவிட்டுத் துணைவரை முதலில் கொல்வதே பல வேளைகளில் அறிவுடைமை ஆயிற்று. தரவரிசை, யாரைத் தேர்வது என்பதோடு நில்லாமல், யாரை முதலில் அழிப்பது என்பதற்கும் வழிகாட்டியது.

பேட்டரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டார்ம் காற்றில் ஓடியபடியே ஆற்றலைச் சேர்ப்பார். கேபிள் அதை ஒளிக்கற்றைகளாகச் செலவழிப்பார். சம்பாதிப்பவர் ஒருவர், செலவாளி ஒருவர் என்ற குடும்பக் கணக்குதான்.

கேபிளின் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் யாவரும் அஞ்சியது கேபிளைத்தான். சென்டினல் என்னும் பேருருவ எந்திரம், எளிதில் அடிக்கத்தக்க பருத்த இலக்காகவே பலருக்குத் தோன்றியது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதன் பறக்கும் ஆற்றலை இடையிடையே நிறுத்தித் தொடங்கி, அந்த மலையை மின்னலாக ஓட்டும் கைத்திறம் வளர்ந்தது. மேக்னீட்டோவின் உயர்வும் அப்படியே, விரல்களின் பயிற்சியால் வந்தது. முடிவில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் நால்வரும் ‘தெய்வங்கள்’ என்று அழைக்கப்பட்டனர். இத்தனைக்கும் இடையே விளையாட்டு இம்மியும் மாறவில்லை. நிறுவனம் அதைத் திருத்தி வெளியிடவில்லை. மாறியது ஆடியவர்களின் அறிவு மட்டுமே. 2002 முதல் 2010 வரை, ‘ஈவோ’ என்னும் அமெரிக்கப் பெரும்போட்டியில் ஜஸ்டின் வாங் இவ்விளையாட்டில் ஆறு முறை வென்றார். நூலின் பாடம் மாறாமல் உரை மட்டும் வளர்ந்துகொண்டே செல்வதை அறிந்த இலக்கிய மாணவர்களுக்கு இது வியப்பளிக்காது. 56 பேரில் பெரும்போட்டிகளில் நிலைத்தவர்கள் பத்துப் பன்னிருவர்தாம் என்பதும் அவ்வுரை மரபு கொடுத்த தீர்ப்பே. கடுமையான தீர்ப்பு.

2011 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தபோது, கூழையைக் காப்பவருக்குப் பொற்காலம் பிறந்தது. ‘எக்ஸ்-ஃபேக்டர்’ என்ற ஏற்பாடு ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் பாத்திரத்தின் வலிமையைப் பெருக்கும். அணியில் எஞ்சியவர் எவ்வளவு குறைவோ அவ்வளவு கூடுதலான வலிமை, கூடுதலான நேரம். தோழர் இருவரையும் இழந்து நிற்பவரே மிகக் கொடியவர் ஆனார். சென்டினலைக் கடைசியில் நிறுத்தி எல்லாரும் வெல்லத் தொடங்கினர். நிறுவனம் இம்முறை சும்மா இருக்கவில்லை. மார்ச் மாதமே அதன் உயிர் அளவை 13,00,000இலிருந்து 9,05,000ஆகக் குறைத்தது. இது நல்ல முடிவு என்று நான் எண்ணவில்லை. ஆட்டக்காரர்களே விடை தேடியிருப்பர்; அதற்குரிய கால அவகாசம் கொடுக்கப்படவில்லை.

அதே விளையாட்டில் ஃபீனிக்ஸ் என்றொரு பாத்திரம். உயிர் அளவு 4,20,000, எல்லாரினும் மெலிந்தவர். ஆனால் ஐந்து கட்டங்களும் நிறைந்திருக்கும் வேளையில் இறந்தால், கருநிற உருவெடுத்து மீண்டெழுவார். ஆகவே முன்னிற்கும் இருவரும் சேமிப்பதையே தொழிலாகக் கொண்டனர். எதிரிகளோ, சேமிப்பு நிறையுமுன் அவரை உள்ளே இழுத்துக் கொல்ல முயன்றனர். 2011 ஈவோ போட்டியில் விஸ்கன்ட் என்னும் ஆட்டக்காரர் வெஸ்கர், ஹாக்கர், ஃபீனிக்ஸ் என்ற அணியோடு பட்டம் வென்றார். இதில் ஹாக்கரின் பணி, கைகளை விரித்துச் சுழன்று, நெருங்குபவரை அடித்துத் தள்ளுவது. ‘ஃபைனல் ஃபைட்’ விளையாட்டில் இவர் ஒரு மாநகரத்தின் மேயர். ஒரு மேயரை வாயிற்காவலராக நிறுத்தும் அதிகாரம் தரவரிசைக்கு உண்டு போலும்.

அவ்வாண்டு நவம்பரில் வந்த விரிவாக்கப் பதிப்பில் பாத்திரங்கள் 50 பேர். தொடக்கம், நடு, கடை என்ற மூன்று இடங்களுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதுவது அதில் இயல்பாகிவிட்டது. முதலிடத்துக்கு ஸீரோ, கடைசிக்கு வெர்ஜில் எனப் பெயர்கள் பேசப்பட்டன. நடுவிடத்தில் டாக்டர் டூமின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவர் அழைத்துவிட்டுப் போகும் ஏவுகணைகள் சற்றுத் தாமதித்து வானிலிருந்து விழும். அவற்றின் நிழலில் மாரிகன் பாதுகாப்பாக நின்று எறிபடைகளை வீசுவார். 2013இல் பட்டம் வென்ற ஃப்ளாக்கரின் அணி ஸீரோ, வெர்ஜில், ஹாக்ஐ. பட்டியல் சொன்னபடியே நடந்தது எனலாம். மறு ஆண்டு ஜஸ்டின் வாங் உல்வரின், ஸ்டார்ம், அகுமா மூவரைக் கொண்டு வென்றபோது அப்படிச் சொல்ல முடியவில்லை.

2015இல் சிலி நாட்டு ஆட்டக்காரர் கேன்புளூரிவர் கொண்டுவந்த மூவர் ஹல்க், சென்டினல், ஹாக்கர். மூவரும் பருத்த உடலினர், எளிதில் அடிபடுபவர். மூவரையும் தனித்தனியே எடுத்து நிறுத்தால் எந்தப் பட்டியலும் அவர்களை உச்சியில் வைக்காது. ஆனால் ஒருவரின் குறையை இன்னொருவரின் துணைத்தாக்கு மறைத்தது. ஹல்க் நெருங்குவதற்குச் சென்டினலின் சிறு எந்திரங்கள் வழி திறந்தன; நெருங்கி வந்தவரை ஹாக்கர் சுழன்று விலக்கினார். அந்த ஆண்டுப் பட்டம் அவருக்கே.

2017இல் வந்த ‘இன்ஃபினிட்’ அணியை இருவராகக் குறைத்தது. துணைத்தாக்கு என்ற அழைப்பையும் கைவிட்டு, எந்த நேரத்திலும் ஆள் மாறலாம் என்று விதி வகுத்தது. வெளியே நின்று ஓரடி மட்டும் அடிக்கும் பாத்திரத்துக்கு அதில் இடமில்லை. மறு ஆண்டு ஈவோ பட்டியலில் அவ்விளையாட்டு இடம்பெறவில்லை. உரிமச் சிக்கலால் 2013இன் இறுதியில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டிருந்த இரண்டாம் பாகம், 2024 செப்டம்பரில் ஒரு தொகுப்பின் பகுதியாகத் திரும்பி வந்தது. பழைய 56 பேரும் அதில் இருக்கின்றனர், சைலாக்கும்.