டாக்டருக்கு ஒரு பாலாலயம்

காத்தோங் கோப்பிக்கடை ஒன்றில் லக்சா ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த தம்பி சொன்னார்: "அண்ணே, கொஞ்ச வருஷம் அதை நிப்பாட்டி வைக்கட்டும். இப்பல்லாம் பாக்குறதே கடமை மாதிரி ஆயிருச்சு."

அவர் சொன்னது 'டாக்டர் ஹூ' தொடரை. 2025 மே 31-இல் அதன் சீசன் முடிந்தது. அதே ஆண்டு, கூட்டுச் சேர்ந்திருந்த டிஸ்னி பிளஸ் விலகிக்கொண்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. "நிப்பாட்டினா திரும்ப வரும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டேன். அவர் லக்சாவைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். இதற்கு ஊகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. அந்தத் தொடர் ஏற்கெனவே இரண்டு முறை நின்றிருக்கிறது. முதல் முறை ஏறக்குறைய 18 மாதம். அடுத்த முறை 15 ஆண்டுக்கும் மேல். சின்ன ஓய்வு தொடரைக் கெடுத்தது, நீண்ட ஓய்வு காப்பாற்றியது.

'டாக்டர் ஹூ' பிபிசியில் தொடங்கியது 1963 நவம்பர் 23-இல், கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். மூன்றாண்டில் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நிலை தளர்ந்தது. தொடரை முடிப்பதற்குப் பதிலாக, டாக்டர் வேற்றுக்கிரகவாசிதானே, அவருக்கு உடம்பே மாறும் என்று எழுதிவிட்டார்கள். 1966-இல் பேட்ரிக் ட்ரௌட்டன் அதே டாக்டராக எழுந்து உட்கார்ந்தார். முகத்தை மாற்றிக்கொள்ளும் வித்தை கதைக்குள்ளேயே இருக்கும்போது ஓய்வு எதற்கு என்று கேட்கலாம். இருபது ஆண்டுக்கு மேல் அந்த வாதம் செல்லுபடியானது. நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் எண்பதுகளில் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் மாறவில்லை.

1985-இல் பிபிசி ஒன்றின் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்திவைத்தார். பத்திரிகைகளில் பெரிய கூச்சல். 1986 செப்டம்பரில் தொடர் திரும்பியது, அதே தயாரிப்பாளர், அதே டாக்டர். 14 எபிசோட் நீளத்துக்கு டாக்டரைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் கதை. தொடரே தன்னைக் குற்றவாளியாக உணர்ந்தது போல இருந்தது. பார்வையாளர்கள் குறைந்தார்கள். கடைசியில் டாக்டராக நடித்த காலின் பேக்கரை நீக்கினார்கள். 1989 டிசம்பர் 6-இல், 26 சீசன்களுக்குப் பிறகு, முறையான விடைபெறல்கூட இல்லாமல் தொடர் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1991-இலிருந்து வர்ஜின் பதிப்பகம் பிபிசியின் அனுமதியோடு டாக்டரை வைத்துப் புதிய நாவல்களை வெளியிட்டது. எழுதியவர்களில் பலர் சிறுவயதில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, தொடராகவில்லை. 1999-இலிருந்து பிக் ஃபினிஷ் நிறுவனம் ஒலி நாடகங்களை வெளியிட்டது. பெரிய திரை வெளிச்சம் எதுவும் இல்லாத இந்த இடங்களில் டாக்டர் உயிரோடு இருந்தார். 1996-இல் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ்தான் 2005 மார்ச் 26-இல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்தார். முதல் எபிசோடைப் பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பால் கார்னெல் 1995-இல் எழுதிய நாவல் 2007-இல் திரைக்கு வந்தது. அதில் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட், அதற்கு முன்பே அந்த ஒலி நாடகங்களில் குரல் கொடுத்தவர்.

காத்தோங்கில், சிலோன் ரோட்டில், செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. செண்பக மரத்தடியில், குளக்கரையில் கிடைத்த பிள்ளையாருக்கு 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. எந்தக் கோயிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணிக்காக மூலஸ்தானத்தை மூடும். ஆனால் அதற்கு முன் பாலாலயம் செய்வார்கள். சாமியின் சக்தியைச் சின்னதாக ஒரு தற்காலிகச் சன்னதிக்கு மாற்றி, அங்கே தினப்படி பூசை நடக்கும். கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும்போதும் விளக்கு அணையாது. வேலை முடிந்தபின் கும்பாபிஷேகம்.

1985-இல் நடந்தது பாலாலயம் இல்லாமல் பூட்டு மட்டும் போட்டது. திருப்பணியும் நடக்கவில்லை, சின்னச் சன்னதியும் இல்லை. 1989-க்குப் பிறகு நடந்தது, யாரும் திட்டமிடாமலே அமைந்த பாலாலயம்.

'ஸ்டார் டிரெக்' கதையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1969-இல் 79 எபிசோடோடு நின்றபோது மறுஒளிபரப்பும் ரசிகர் மாநாடுகளும் அதைக் காத்தன. 1987-இலிருந்து 2005 வரை 18 ஆண்டு இடைவெளியே விடாமல், நான்கு தொடர்களாக 624 எபிசோட் எடுத்தார்கள். பூசை நடந்துகொண்டே இருந்தது, திருப்பணிக்கு நேரமில்லை. கடைசித் தொடரான 'என்டர்பிரைஸ்' நான்கு சீசனில் அடங்கியது. தொலைக்காட்சிக்குத் திரும்ப 2017 ஆயிற்று.

இதையெல்லாம் தமிழில் எழுதும்போது ஒரு பொறாமையும் வருகிறது. சலித்துப் போகும் அளவுக்கு நமக்கு ஓர் அறிவியல் புனைவுத் தொடர் இருந்ததா? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தது. பிறகு 'மீண்டும் ஜீனோ'. இரண்டு நாவலோடு அந்த நாய்க்குட்டி நின்றுவிட்டது. 2008-இல் சுஜாதாவும் போய்விட்டார். டாக்டர் ஒரு நிறுவனத்தின் சொத்து, அதனால் பலர் கையில் வளர முடிந்தது. நம்மிடம் பாத்திரம் எழுதியவரோடு போய்விடுகிறது. மரியாதைதான், ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருக்கிறது. ஜீனோவை வேறொருவர் எழுதினால் நாமே முதல் ஆளாகச் சண்டைக்குப் போவோம்.

நான் 2005-க்குப் பிறகு உள்ளே வந்த ரசிகன். அந்த நீண்ட ஓய்வு இல்லையென்றால் எனக்கு டாக்டரே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையில் டாக்டர் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஓய்வுக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தத் தம்பியை அதே கடையில் பார்த்தபோது சொன்னேன்: "நிப்பாட்டட்டும்யா. ஆனா விளக்கை யார் கையில குடுத்துட்டுப் போறாங்கன்னு முதல்ல சொல்லட்டும்."

"நம்ம கையில குடுத்தா?" என்றார்.


யோசித்துக்கொண்டிருக்கிறேன்.