ஸ்கேட்போர்டின் ட்ரக்கும் விளிம்புச் சறுக்கலும்

சக்கரக் காலணியின் குறுகிய அச்சைக் கழற்றிப் பலகையில் அறைந்து விளையாடிய கலிபோர்னியச் சிறுவர்களுக்கு, வீதியில் ஓடுவதற்கன்றி வேறெதற்கும் அது உதவவில்லை. 1975-இல் ட்ராக்கர் நிறுவனம் ஸ்கேட்போர்டுக்கென்றே ட்ரக் எனப்படும் அகன்ற அச்சுத் தொகுதியை வார்த்தெடுத்தது. அதை அடுத்து வந்த வறட்சியில் நீர் வற்றிய நீச்சற்குளங்களில் இளைஞர்கள் புகுந்து, விளிம்புக் கல்லின்மேல் அச்சையே உரசிச் செல்லும் சாகசத்தைப் பயின்றபோது, ட்ரக்கின் உருவமே அவ்வித்தையின் எல்லையை நிர்ணயிக்கத் தொடங்கிற்று. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த இண்டிபெண்டெண்ட் ட்ரக், இளகித் திரும்பும் சுபாவத்தையும் உறுதியையும் ஒருங்கே தந்தமையால் பெரும் பிரசித்தி பெற்றது.

என் அபிப்பிராயத்தில், இவ்வரலாற்றின் ஜீவன் ஹேங்கர் என்னும் அலுமினிய வார்ப்பிலேதான் இருக்கிறது. இரு சக்கரங்களுக்கிடையே குறுக்காகக் கிடக்கும் அது, சிமெண்டில் உராய்ந்து உராய்ந்து நடுவே பள்ளம் விழ, அப்பள்ளமே திண்ணை விளிம்பைக் கவ்விப் பலகையை நிலைநிறுத்துகிறது. ஆனால் ட்ரக்கைப் பிணைக்கும் கிங்பின் என்ற திருகாணியின் நுனி துருத்தி நின்றாலோ, சாய்வாகச் சறுக்குகையில் விளிம்பில் தட்டி ஆளையே தூக்கி எறிந்துவிடும்; ஆதலின் பிற்காலத்து நிபுணர்கள் அதைத் தாழ்த்தி அமைக்கலாயினர். 1990-களின் ஆரம்பத்தில், சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ சதுக்கத்துத் திண்ணைகளில் சறுக்கியோர் மிகச் சிறிய சக்கரங்களை விரும்பினர். சக்கரம் சிறுக்கவே, பலகையில் சக்கரம் இடிக்குமென்ற அச்சமின்றி ட்ரக்கின் உயரத்தையும் குறைக்க இயன்றது.