புதுச்சேரி ஊரக அறிவு மையங்கள்

புதுச்சேரி ஊரக அறிவு மையங்கள் என்பவை வானிலை, பயிர்ப் பாதுகாப்பு, சந்தை விலை முதலிய தகவல்களை உழவருக்கும் மீனவருக்கும் தமிழில் வழங்குவதற்காக எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் தொடங்கிய மையங்கள் ஆகும். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் இதற்கு நிதியுதவி அளித்தது.

செயல்பாடு

வில்லியனூர் நடுவ மையமாக இருந்தது. அங்கு திரட்டப்பட்ட செய்திகள் தமிழாக்கப்பட்டு, தொலைபேசி அரிதாயிருந்த சிற்றூர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு வழி அனுப்பப்பட்டன. மையத்துக்கான இடத்தை ஊரார் இலவசமாகத் தரவேண்டும், அது எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். கருவிகளைவிட இவையே திட்டத்தின் உயிர்நாடி எனலாம். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது.

வேளாண்மையும் வானிலையும்

இப்பகுதியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அது முந்தினாலோ பிந்தினாலோ விதைப்பும் அறுவடையும் பிசகும். மருந்து தெளித்த அன்றே மழை பெய்தால் செலவு வீண். ஆகவே முன்னறிவிப்பு உரிய நாளில் தாய்மொழியில் கிடைப்பது உழவருக்கு இன்றியமையாதது.

கடலோரத்தில் இதன் பயன் வெளிப்படையாகத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு மக்கள் மையத்தின் ஒலிபெருக்கி அறிவிப்பால் ஆழிப்பேரலையிலிருந்து தப்பினர்.

வயலை அவ்வாறு அப்புறப்படுத்த இயலாது. 2024 நவம்பர் 30 இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்து பயிர்கள் நீரில் மூழ்கின. இத்தகைய மழைக்கு முன்னறிவிப்புடன் வடிகால் வசதியும் பயிர்க் காப்பீடும் தேவைப்படுகின்றன.